பிச்சைக்கு உதவாத கைகள்

(மெக்கானிக்கல், 2009 செட்)

"வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும், இன்ஜினியர் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும்" என்று மலர்க்குழுவிலிருந்து கேட்டார்கள். நம் கல்லூரியின் வரலாற்றைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். அதை மூத்தவர்கள் ஏற்கெனவே மூன்று மலர்களில் எழுதிவிட்டார்களாம். சரி, எனக்குத் தெரிந்த வரலாறு ஒன்றே ஒன்றுதான். ராணிப்பேட்டையில் டூல் ரூமில் வேலை பார்க்க ஆரம்பித்த பிறகு, பக்கத்து ஊர்க் கதையாகக் கேட்டு, பிறகு புத்தகங்களைத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டது. உடல் ஊனமுற்றவர்களுக்கு வேலை தேடித் தருவது என்பது நம் பகுதியில் எப்படித் தொடங்கியது என்பதுதான் அது. டாக்டர்கள் கதை போலத் தொடங்கும். ஆனால் போகப் போக நம் ஒர்க்‌ஷாப் கதை.

பால் பிராண்ட் என்ற பெயரை வேலூர்ப் பக்கத்து நண்பர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் ஆங்கிலேய மிஷனரிகள். ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்து போனார். அவருக்குப் பதினைந்து வயது ஆகும்போது அப்பா கொல்லிமலையிலேயே காய்ச்சலில் இறந்துவிட்டார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவர் நேராக மருத்துவம் படிக்கப் போகவில்லை. கட்டட வேலை கற்றுக்கொண்டார். தச்சு, கொத்து என்று சில வருடங்கள் கையில் உளியும் கரண்டியுமாக இருந்தார். அதற்கப்புறம்தான் லண்டனில் மருத்துவம். இந்தத் தச்சு வேலையை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் நடந்த பாதி விஷயத்துக்கு அதுதான் காரணம் என்பது என் கட்சி. சர்ஜன்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த வருடம் செங்கல்பட்டு லேடி வெலிங்டன் தொழுநோய் இல்லத்தைப் பார்க்கப் போனார். அங்கே பொறுப்பில் இருந்தவர் டாக்டர் ராபர்ட் காக்ரேன். அந்தக் காலத்தில் தொழுநோய் வந்தால் கை கால் அழுகி விழும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள், டாக்டர்கள் உட்பட. விரல்கள் மடங்கிப்போய், பறவைக் கால் போல இருந்த ஒரு நோயாளியின் கைக்குள் பிராண்ட் தன் கையைக் கொடுத்து, "உன்னால் முடிந்த அளவு அழுத்து" என்றாராம். அவன் அழுத்திய அழுத்தில் இவருக்கு உயிர் போகிற வலி. செத்துப்போன கை என்று எல்லோரும் சொன்ன கையில் இவ்வளவு பலமா? அந்த இடத்தில்தான் அவருக்குப் பொறி தட்டியது.

இதை மெக்கானிக்கல்காரன் பாஷையில் சொல்கிறேன். நம் விரல்களை இயக்கும் பெரிய மோட்டார்கள் கையில் இல்லை, முன்னங்கையில் இருக்கின்றன. அங்கிருந்து கேபிள் மாதிரி தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டி விரல் வரை ஓடுகின்றன. உள்ளங்கைக்குள் இருப்பவை சின்னச் சின்ன மோட்டார்கள். விரலை நேராக வைத்து, கட்டை விரலோடு சேர்த்து ஒரு பொருளை நாசூக்காகப் பிடிக்கிற வேலை அவற்றுடையது. முழங்கையில் எங்காவது இடித்துக்கொண்டால் கரண்ட் அடிப்பது போல் சுண்டுவிரல் வரை பாயுமே, அந்த நரம்புதான் இந்தச் சின்ன மோட்டார்களில் பெரும்பாலானவற்றுக்கு சப்ளை லைன். தொழுநோய்க் கிருமிக்கு உடம்பின் குளிர்ந்த பகுதிகள் பிடிக்கும். தோலுக்கு வெகு அருகில் ஓடும் அந்த நரம்பை அது பிடித்துக்கொள்கிறது. லைன் போனதும் சின்ன மோட்டார்கள் நிற்கின்றன. பெரிய மோட்டார்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. சமநிலை கெட்டு விரல் மடங்கிவிடுகிறது.

அப்படியென்றால் நல்ல நிலையில் இருக்கிற ஒரு பெரிய மோட்டாரின் கேபிளை எடுத்து, நான்காகப் பிரித்து, வேறு வழியாகத் திருப்பி விரல்களில் கொண்டுபோய்க் கட்டினால் என்ன? அதைத்தான் செய்தார். தசைநாண் மாற்று அறுவை சிகிச்சை ஏற்கெனவே போலியோவுக்கும் விபத்துகளுக்கும் இருந்ததுதான். தொழுநோயாளிக்குச் செய்ய யாரும் துணியவில்லை. வேலூரில் நாற்பதுகளின் கடைசியில் அது தொடங்கியது. ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த பிறகு, மணிக்கட்டை அசைக்க வேண்டிய தசையைக்கொண்டு விரலை அசைக்க மூளையைப் பழக்க வேண்டும். அதற்குப் பல வாரங்கள் பயிற்சி.

கை நேரானது. கதை அங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

கை சரியாகி ஊருக்குப் போனவர்களில் ஒருவர் சில காலம் கழித்துத் திரும்பி வந்தார். "இந்தக் கை பிச்சை எடுக்க உதவவில்லை" என்கிற அர்த்தத்தில் அவர் சொன்னதை பிராண்ட் பல இடங்களில் எழுதியிருக்கிறார். முன்பு மடங்கின கையைக் காட்டினால் காசு விழும். இப்போது கை நன்றாக இருக்கிறது, காசு விழவில்லை. வேலை கேட்டால், முகத்திலும் உடம்பிலும் நோயின் தழும்பைப் பார்த்துவிட்டு யாரும் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள். தங்க வீடுகூடக் கிடைக்கவில்லை. அதாவது, டாக்டர் இவருக்கு நல்லது செய்யப்போய், இருந்த ஒரே பிழைப்பையும் பிடுங்கிவிட்டார்.

நண்பர்களே, நான் இந்தக் கட்டுரையை எழுத ஒத்துக்கொண்டது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். உதவி என்று நாம் எதைச் செய்தாலும், அதற்கப்புறம் அந்த மனிதர் காலையில் எழுந்து எங்கே போவார் என்று கேட்டாக வேண்டும். 1951-ல் வேலூரில் 'நவஜீவ நிலையம்' பிறந்தது அந்தக் கேள்வியிலிருந்துதான். பெரிய கட்டடம் எதுவும் இல்லை. கிராமத்து வீடுகள் மாதிரியே சில மண் குடில்கள். திரும்பிப் போகிறவன் கிராமத்துக்குத்தானே போக வேண்டும், இங்கே மொசைக் தரையில் பழகி என்ன பிரயோஜனம் என்று யோசித்திருக்கிறார்கள். கை சரியான இளைஞர்கள் அங்கே தங்கித் தச்சு வேலை கற்றார்கள், மர பொம்மை செய்தார்கள். பிராண்டே பட்டறையில் நின்று சொல்லிக்கொடுத்தார். பழைய தச்சர் அல்லவா!

அங்கேதான் இரண்டாவது கண்டுபிடிப்பு. என்னைக் கேட்டால் ஆபரேஷனைவிட இதுதான் பெரிது. பட்டறைப் பையன்களின் கையில் தினமும் புதுப்புதுக் காயங்கள். "நோய் அப்படித்தான்" என்று விட்டுவிடாமல், ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேட ஆரம்பித்தார்கள். சுத்தியல் பிடியில் ஒரு சிலாம்பு இருக்கும். பையனுக்கு உணர்ச்சி இல்லாததால் தெரியாது, நாள் முழுக்க அடித்துக்கொண்டிருப்பான். நாம் என்றால் முதல் அடியிலேயே "ஸ்ஸ்" என்று கையை உதறியிருப்போம். ஒருநாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை பிராண்டால் திறக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற சின்னப் பையன் "நான் திறக்கட்டுமா?" என்று சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். அவனுக்கென்ன அவ்வளவு பலம் என்று பார்த்தால், சாவி விரலை எலும்பு வரை அறுத்திருந்தது. அவனுக்கு வலிக்கவில்லை. நமக்கு வலி ஒரு எல்லையில் நிறுத்தச் சொல்கிறது, அவனுக்கு நிறுத்தச் சொல்ல ஆள் இல்லை.

அழுத்தம் என்பது விசை வகுத்தல் பரப்பு, முதல் வருடப் பாடம். சாவியின் விளிம்பு விரலில் படுகிற இடம் 20 சதுர மில்லிமீட்டர் என்று வையுங்கள். அதே சாவிக்கு ஒரு மரப்பிடி மாட்டி 200 சதுர மில்லிமீட்டர் ஆக்கினால் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு. விரல் பிழைத்தது. இவ்வளவுதான் விஷயம். உளி, ரம்பம், அரம் எல்லாவற்றுக்கும் பிடியை மாற்றினார்கள். வேலை முடிந்ததும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துச் சிவப்பு இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். காயங்கள் குறைந்தன. விரல் குட்டையாவதும் குறைந்தது. அப்போதுதான் உறுதியானது, விரல்களை நோய் நேராகத் தின்னவில்லை, வலியில்லாமல் பட்ட காயங்கள்தான் தின்றன என்று. ஒரு காயத்துக்கு மட்டும் ரொம்ப நாள் காரணம் தெரியவில்லை. ராத்திரி படுக்கும்போது முழுசாக இருக்கிற விரல் காலையில் குறைந்திருக்கும். கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தால், எலி! தூங்குகிறவனுக்கு உணர்ச்சி இல்லை, எலிக்குப் பயம் இல்லை. ஆளுக்கொரு பூனை வளர்க்கக் கொடுத்தார்கள். மருத்துவ வரலாற்றில் பூனைக்கும் ஓர் இடம் உண்டு.

காலுக்கும் இதே கணக்குதான். 1955-ல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையத்தில் நுண்துளை ரப்பர் செருப்பு பெரிய துறையாகவே வளர்ந்தது. எம்.சி.ஆர். செருப்பு என்று நம் ஊர்ப் பக்கம் இன்றும் சொல்வார்கள். மெத்தென்ற ரப்பர், பாதம் முழுவதும் எடையைப் பரப்பிவிடும். அதைத் தைத்தவர்களிலும் நோய் வந்து குணமானவர்கள் உண்டு.

டாக்டர் மேரி வர்கீஸ் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். 1954-ல் வண்டி விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே செயல் இழந்தவர். உட்கார்ந்தபடியே செய்யக்கூடியது கை ஆபரேஷன், அதனால் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே தொழுநோயாளிகளுக்குக் கைகளைச் சரிசெய்தார். அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து, 1963-ல் வேலூரில் அந்தத் துறைக்குத் தலைவரானார். 1972-ல் பத்மஸ்ரீ. ஒரு ஸ்டாஃப் டாக்டருக்கு இப்படி ஆனால் "வி.ஆர்.எஸ். வாங்கிக்கம்மா" என்று அனுப்பிவைக்காமல், அவரால் செய்ய முடிந்த வேலை எது என்று யோசித்த நிர்வாகத்தையும் சேர்த்துப் பாராட்ட வேண்டும்.

அதே 1963-ல் காட்பாடியில் சுவீடன் செஞ்சிலுவைச் சங்கம் ஒரு மறுவாழ்வுப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கியது. அதுதான் இன்று வொர்த் டிரஸ்ட். தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்காகத் தொடங்கி, பிறகு போலியோ பாதித்தவர்கள், காது கேளாதவர்கள் என்று எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அங்கே கூடை பின்னச் சொல்லித்தரவில்லை, மெழுகுவர்த்தி ஊற்றச் சொல்லித்தரவில்லை. லேத், மில்லிங், வெல்டிங்! டிராயிங் படித்து டாலரன்சுக்குள் பார்ட் செய்து தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். மாற்றுத்திறனாளி என்றால் ஊதுபத்தியும் ஃபினாயிலும்தான் என்று நம் ஜனங்கள் மனதில் பதிந்துபோயிருக்கிறதே, அதற்கு எதிராக அறுபது வருடமாக ஒரு ஷாப் ஃப்ளோர் ஓடிக்கொண்டிருக்கிறது.

அங்கே செய்யப்படும் பொருட்களில் எனக்கு மிகப் பிடித்தது பெர்கின்ஸ் பிரெய்லர். பார்வையற்றவர்கள் பிரெயில் எழுதும் டைப்ரைட்டர். அமெரிக்காவில் பெர்கின்ஸ் பள்ளியில் தச்சு முதலிய கைத்தொழில் சொல்லிக்கொடுத்த டேவிட் ஆப்ரகாம் என்பவர் வடிவமைத்தது (இங்கேயும் ஒரு தச்சு வாத்தியார், கவனியுங்கள்). 1951-ல் விற்பனைக்கு வந்தது. ஆறு புள்ளிக்கு ஆறு கட்டை, நடுவில் இடைவெளிக் கட்டை. ஒரே அழுத்தில் ஒரு முழு எழுத்து. புள்ளியின் உயரம் சுமார் அரை மில்லிமீட்டர்தான். குறைந்தால் விரலுக்குத் தெரியாது, கூடினால் காகிதம் கிழியும். உள்ளே நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன பாகங்கள், கரண்ட் கிடையாது, பல வருடம் உழைக்கும். ஒரு காலத்தில் "வேலைக்கு ஆகாது" என்று ஒதுக்கப்பட்டவர்களின் கைகள் காட்பாடியில் இதைப் பூட்ட, உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் பார்வையற்ற குழந்தை அதில் அரிச்சுவடி எழுதுகிறது.

சர்க்கார் பக்கத்துக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது சுருக்கமாகச் சொல்லத்தான் லாயக்கு. 1959-ல் பம்பாயில் உடல் ஊனமுற்றோருக்கான முதல் தனி வேலைவாய்ப்பு அலுவலகம். 1968 முதல் தொழில் மறுவாழ்வு மையங்கள், சென்னையில் கிண்டியில் ஒன்று. 1977-ல் மத்திய அரசின் 'சி', 'டி' பிரிவுப் பணிகளில் 3 சதவீத ஒதுக்கீடு. 1995-ல்தான் முழுச் சட்டம், 1996 பிப்ரவரியில் நடைமுறை. அதற்கப்புறமும் "இந்தப் பணியிடம் அடையாளம் காணப்படவில்லை" என்று சொல்லியே பல துறைகள் காலம் தள்ளின. அடையாளம் கண்ட இடங்களை மட்டும் வைத்து 3 சதவீதத்தைக் கணக்கிடக் கூடாது, மொத்தக் காலியிடங்களை வைத்தே கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 அக்டோபரில் சொல்ல வேண்டியிருந்தது. 2016-ம் ஆண்டுச் சட்டத்தில் ஒதுக்கீடு 4 சதவீதம் ஆனது, ஊனங்களின் பட்டியல் 7-லிருந்து 21 ஆனது, தொழுநோயிலிருந்து குணமானவர்களும் அதில் உண்டு. அதே 2016-ல்தான் 1898-ம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் ரத்தானது. வெள்ளைக்காரன் போய் 69 வருடம் கழித்து! தனியார் நிறுவனங்களைப் பொறுத்தவரை, ஊழியர்களில் 5 சதவீதமாவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி ஊக்கச் சலுகை தரலாம் என்பதோடு சட்டம் நிறுத்திக்கொள்கிறது.

அந்தத் தனியார் பக்கம் எப்படி என்பதற்கு எங்கள் செட்டிலேயே ஆள் இருக்கிறான். பெயர் போடாதே என்று சொல்லிவிட்டான். சின்ன வயதில் போலியோ, இடது காலில் காலிப்பர். எங்கள் வகுப்பில் மெஷின் டிராயிங்கில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. கேம்பஸ் இன்டர்வியூவில் எழுத்துத் தேர்வு, டெக்னிக்கல் ரவுண்டு எல்லாம் தாண்டினான். வேலை டிசைன் ஆபீசில். கடைசி ரவுண்டில் ஒருவர் கேட்டாராம், "தம்பி, ஷாப்ல எட்டு மணி நேரம் நிக்க முடியுமா?" இவன், "சார், டிசைன் ஆபீஸ்ல சேர் இல்லீங்களா?" என்று கேட்டிருக்கிறான். லிஸ்டில் அவன் பெயர் வரவில்லை. கேள்வி கேட்டவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு வேலையை அக்கக்காகப் பிரித்து, இதில் நிற்பது எவ்வளவு, நடப்பது எவ்வளவு, உட்கார்ந்து செய்வது எவ்வளவு என்று யாரும் எழுதிப் பார்த்திருக்கவில்லை. டைம் ஸ்டடி, மோஷன் ஸ்டடி எல்லாம் நாம் படித்ததுதான், பரீட்சையோடு மறந்துவிடுகிறோம். இப்போது அவன் அம்பத்தூரில் சொந்தமாக டிராயிங் ஜாப்வொர்க் எடுத்துச் செய்கிறான். நான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறான். தொடங்கும்போது வங்கிக் கடனுக்கு நடையாய் நடந்தான் என்று எழுதினால், காலிப்பரோடு நடந்ததையும் சேர்த்து எழுது என்பான்.

சுயதொழில் என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு எஸ்.டி.டி. பூத் ஞாபகம் வரும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பூத் உரிமம் தருவதில் ஊனமுற்றோருக்கு முன்னுரிமை இருந்தது. மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, ஓடுகிற மீட்டர், வெளியே மூன்று சக்கர வண்டி. எத்தனையோ குடும்பங்கள் அதில் சாப்பிட்டன, பிள்ளைகள் படித்தார்கள். செல்போன் வந்தது, சில வருடங்களில் எல்லாம் காலி. சிலர் ஜெராக்ஸ், ரீசார்ஜ் என்று மாறிக்கொண்டார்கள். பலரால் முடியவில்லை. ஆவின் பாலகம் வைத்தவர்கள் தப்பித்தார்கள், பாலுக்கு மாற்று வரவில்லை. 1997-ல் மத்திய அரசு இவர்களுக்கென்றே ஒரு நிதி மேம்பாட்டுக் கழகம் தொடங்கிக் குறைந்த வட்டிக் கடனுக்கு வழி செய்தது. கடன் கொடுப்பதோடு, எந்தத் தொழில் எத்தனை வருடம் நிற்கும் என்று உட்கார்ந்து சொல்லித்தரவும் ஆள் வேண்டும். அந்த ஆட்கள் நம் சங்கத்தில் ஏராளம். சொந்தத் தொழில் செய்கிறவர்கள் மட்டும் எழுந்து நில்லுங்கள் என்றால் பாதி ஹால் நிற்கும்.

இதையெல்லாம் இப்போது இழுப்பதற்குக் காரணம் உண்டு. இந்த ஆண்டுச் சந்திப்பில் பத்துப் பேருக்கு மூன்று சக்கர வண்டி வழங்கலாம் என்று செயற்குழுவில் பேச்சு வந்தது. நல்ல எண்ணம்தான். நான், "குடுக்கலாம் அண்ணே, வேண்டாங்கல. வண்டியில ஏறி அவங்க எந்த வேலைக்குப் போவாங்கன்னும் ஒரு வரி சேர்த்துக்கலாமா?" என்றேன். 1984 செட் அண்ணன் ஒருவர், "தம்பி, மேடையில வண்டி குடுத்தா போட்டோ எடுக்கலாம். வேலை குடுத்தா எதை எடுக்கறது?" என்று சிரித்தார். கேலியாகச் சொன்னாலும் உள்ளதைச் சொன்னார். முடிவு இன்னும் ஆகவில்லை. பொதுக்குழுவில் ஓட்டுக்கு வருகிறது.

நான் வைக்கப்போகிற தீர்மானம் இதுதான். வண்டி ஐந்தாக இருக்கட்டும். மீதிப் பணத்தில் நம் பழைய ஒர்க்‌ஷாப்பின் ஒரு மூலையில், பிடி, ஜிக், ஃபிக்ஸர் செய்கிற பெஞ்ச் ஒன்று போடுவோம். ஒரு கையால் இயக்கும் கிளாம்ப், உட்கார்ந்தபடி ஓட்ட டிரில்லிங் மெஷினுக்கு உயரம் மாற்றும் மேடை, காது கேளாதவர்களுக்கு மணிக்குப் பதில் எரியும் விளக்கு. எதுவுமே ராக்கெட் சயின்ஸ் இல்லை. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் வருடா வருடம் பழைய ரிப்போர்ட்டை அட்டை மாற்றிப் பிராஜெக்டாகக் கொடுக்கிற நேரத்தில் இதைச் செய்யலாம். (கோபித்துக்கொள்ளாதீர்கள், எங்கள் செட்டும் வேறு மாதிரி இல்லை.) தொழிற்சாலை வைத்திருக்கிற பழைய மாணவர்கள் தங்கள் ஷாப்பில் ஒரே ஒரு வேலையை, ஒன்றே ஒன்றை, பிரித்து எழுதி அனுப்பட்டும். அந்த வேலையை ஒரு கை உள்ளவர், அல்லது நிற்க முடியாதவர் செய்ய என்ன மாற்ற வேண்டும் என்று மாணவர்கள் செய்து காட்டட்டும். மாற்றியது ஓடினால் ஆளை எடுக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. இதுவரை இரண்டு பேர் வாய்மொழியாகச் சரி சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் வாலாஜாவில் பம்ப் பாகங்கள் செய்கிறவர், இன்னொருவர் ஓசூரில் பேக்கிங் லைன் வைத்திருப்பவர். ஓசூர்க்காரர் தன் லைனில் உட்கார்ந்தே செய்யக்கூடிய மூன்று இடங்களைக் குறித்து, படத்தோடு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். வாலாஜாக்காரர் இன்னும் அனுப்பவில்லை, தினமும் போன் செய்துகொண்டிருக்கிறேன்.

விழா அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மெக்கானிக்கல் பிளாக் பின்புறம், பழைய ஸ்மித்தி ஷாப் வாசலில் இருப்பேன். ஓசூர் லைனின் படங்களும், நாங்கள் செய்து பார்த்த ஒரு கைக் கிளாம்ப்பும் மேஜையில் இருக்கும். கிளாம்ப்பின் ஸ்பிரிங் கொஞ்சம் அதிகப் பலமாகிவிட்டது. ஸ்பிரிங் டிசைன் தெரிந்தவர்கள் அவசியம் வரவும்.